உருகல் கணக்கு

எங்கள் பேரேட்டில் ஐந்து பத்திகள்.
தேதி, பெயர், லாதி, ரூபாய்.
ஐந்தாவது தாத்தா கோடு கிழித்துச் சேர்த்தது:
உருகல்.

பாவுச்சா தக்காவுக்கு நூற்றுக்கு எட்டு.
கிராஃபர்டு மார்க்கெட்டுக்குப் பன்னிரண்டு.
மே மாதக் கல்யாணம், அதுவும் தாராவி என்றால்
கேட்காதே, இருபது போடு.
தண்ணீராய்ப் போனதற்குக் காசு வாங்கக் கூடாது
என்று பெரிய கொள்கையெல்லாம் இல்லை.
வாங்கினால் நாளைக்கு வேறு இடம் போவார்கள்.

பலகையில் இன்றும் 'பெஸ்தன்ஜி ஐஸ், மஜகாவ்'.
அவருடைய கம்ப்ரசருக்கு எண்ணெய் விட வந்தவர்
சாத்தான்குளத்து உலகநாதன், என் தாத்தா.
அதுவரை பனிக்கட்டியைப் பார்த்ததில்லை.
தொட்டதும் "சுடுது" என்றாராம்.

வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வருகிறது,
இனி யார் வாங்குவான் என்று
பிள்ளையில்லாத பெஸ்தன்ஜி
தவணைக்குக் கொடுத்துவிட்டு நவ்சாரிக்கு ரயிலேறினார்.
ஒரு படகு சுறாவை எந்த ஃப்ரிட்ஜில் வைப்பார்கள்
என்று தாத்தா கேட்கவில்லை. கேட்டால்
விலை ஏறியிருக்கும்.

பலகையை மாற்ற பெயின்டர் நாற்பது ரூபாய் கேட்டான்.
அதனால் மூன்று தலைமுறையாய்
தொலைபேசியில் நாங்கள் பெஸ்தன்ஜி.
கோலிப் பெண்கள் அப்பாவை "பெஸ்தன் சேட்" என்பார்கள்.
நெற்றி நிறையத் திருநீறோடு
"போலா" என்பார் அவரும்.

உப்புத் தொட்டியின் மரமூடிகள் மேல்
நடக்கப் பழகியவள் நான்.
காலடியில் முந்நூறு தகரக் குவளைகளில்
சத்தமில்லாமல் தண்ணீர் இறுகிக்கொண்டிருக்கும்.
ஒருமுறை அம்மோனியா கசிந்தது.
ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு பெரியப்பா உள்ளே போனார்,
முதலில் வால்வை மூடினார்,
பிறகுதான் அப்பாவை இழுத்து வந்தார்.
அந்த வரிசை பற்றி அப்பா
இருபது வருடம் பேசினார்.

பிறகு பாகப்பிரிவினை.
தொட்டிக்குச் சண்டையில்லை, டெம்போவுக்கும் இல்லை.
பெயருக்கு.
எங்களில் எவருக்கும் வைக்கப்படாத
ஒரு பார்சிக்காரரின் பெயருக்கு
பதினோரு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்
உலகநாதன் பெற்ற ஆறுமுகமும் சிதம்பரமும்.
தீர்ப்புக்குக் காத்திராமல்
ரே ரோட்டில் பெரியப்பா பலகை மாட்டினார்:
'ஒரிஜினல் பெஸ்தன்ஜி ஐஸ்'.
அப்பா அன்றைக்கே பெயின்டரைக் கூப்பிட்டு
எங்கள் பலகையின் கீழ் எழுதவைத்தார்:
'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது'.
நாற்பது ரூபாய் இல்லை, நானூறு.

போன ஜூலை. கடலில் மீன்பிடித் தடை,
தக்காவில் படகுகள் தார்ப்பாய்க்குள்.
ரே ரோட்டில் தொட்டியை வடித்துத்
துரு சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
அந்த வாரம் பார்த்துப் பெரியப்பா இறந்தார்.
சின்ன மகன் மஸ்கட்டிலிருந்து வரவேண்டும்.
மழையில் கரண்ட் இல்லை, வாடகைப் பெட்டி வேலை செய்யவில்லை.

ஆள் கொண்டுவந்த சீட்டு என் மேசையில்:
லாதி நான்கு. பெயர் என்ற இடத்தில்
'வீடு'.

அப்பா நீட்டிப் பார்த்தார், கிட்டப் பார்த்தார்.
நட்சத்திர ஓட்டல்களுக்கென்று
காற்றூதி உறைய வைக்கும் கண்ணாடிக் கட்டிகளில்
நான்கைத் தட்டித் தட்டி, கேட்டுக் கேட்டு எடுத்தார்.
உமி போட்டார், சாக்கு போட்டார்,
டெம்போவின் பின்னால் ஏறிச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தார்.
பைகல்லா பாலத்தில் தண்ணீர் தேங்கி
ஒன்றரை மணி நேரம் நின்றார்களாம்.
ராத்திரி வந்தவரின் வேட்டி பின்பக்கம் தொப்பல்.
"பில் போடு" என்றார்.
"அப்பா."
"போடுன்னா போடு. வாங்கலைன்னா
அவனுக்குக் கோவம் வரும்."

நான்கு லாதிக்கு எழுதினேன்.
உருகல் பத்தியில் என்ன போட என்று தெரியாமல்
வெறுமையாய் விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து
மூத்த அண்ணன் தாணு
ரே ரோட்டிலிருந்து செக் அனுப்பினான்.
மூன்றரை லாதிக்குத்தான் பணம் இருந்தது.
பின்பக்கம் பென்சிலில்:
'உருகல் கழித்து'.

அப்பா கண்ணாடியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்,
"எங்க அண்ணன் பையன்."